லிங்கன் சென்ற வழியும் எல்லையில் நின்ற கற்களும்: எட்டாவது நீதிச் சுற்றின் நினைவுக் குறிகள் பற்றிய ஆய்வு

ஆய்வுப் பொருள்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தின் நடுப்பகுதியில், மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்களுக்கு இடையே செல்லும் சாலைகள் ஒரு கவுண்டியிலிருந்து (மாநிலத்துக்குள் அமைந்த மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) அடுத்த கவுண்டிக்குள் நுழையும் இடங்கள் சிலவற்றில், வெண்கலப் பலகை பதித்த தூண் ஒன்று தனியாக நிற்பதைக் காணலாம். இரு கவுண்டிகளின் பெயர்களோடு, எட்டாவது நீதி மாவட்டத்தின் சுற்றில் வந்தபோது ஆபிரகாம் லிங்கன் இவ்வழியே பயணம் செய்தார் என்னும் ஒரு வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அவர் எந்த வழக்குக்காகச் சென்றார், யாருக்காக வாதாடினார், வென்றாரா தோற்றாரா என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இராது. இதே திட்டத்தின் இன்னொரு பகுதியாக, கவுண்டித் தலைநகரங்களிலும் பலகைகள் நிறுவப்பட்டன.

அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர் என்ற மகளிர் அமைப்பின் இல்லினாய்க் கிளை முன்னின்று 1920களின் தொடக்கத்தில் நிறுவிய இந்தக் குறிகளையே இவ்வாய்வு எடுத்துக்கொள்கிறது. ஒரு வழக்கறிஞரின் தொழிற்பயணத்தைக் கற்களால் குறிக்க முயன்றபோது எது பதிவாயிற்று, எது நழுவிற்று என்பதே இங்கே கேள்வி. தலைநகரப் பலகை உறுதியான சான்று போலத் தோன்றுவதும், வயல்வெளியில் நிற்கும் எல்லைக்கல் வெறும் அலங்காரம் போலத் தோன்றுவதும் இயல்பு. நெருங்கிப் பார்த்தால் நிலைமை ஏறத்தாழ இதற்கு நேர்மாறானது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சுற்று எப்படி இயங்கியது

எட்டாவது நீதிச் சுற்றை இல்லினாய்ச் சட்டமன்றம் 1839இல் உருவாக்கியது. குடியிருப்புகள் தூரம் தூரமாகச் சிதறிக் கிடந்த புல்வெளிப் பிரதேசத்தில் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு நீதிபதியை அமர்த்துவது அன்று இயலாத காரியம். ஆகவே நீதிபதியே ஆண்டுக்கு இருமுறை, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், தலைநகர் தலைநகராகச் சென்று ஒவ்வோரிடத்திலும் சில நாட்கள் முகாமிட்டு வழக்குகளை விசாரித்தார். வழக்கறிஞர்களும் அவரைப் பின்தொடர்ந்தனர். சுற்று பெரிதாக இருந்த காலத்தில் அதில் 14 கவுண்டிகள் அடங்கியிருந்தன. ஸ்பிரிங்ஃபீல்டில் புறப்பட்டால், வடக்கே பெக்கின், மெட்டமோரா, புளூமிங்டன், பிறகு மவுண்ட் புலாஸ்கி, கிளின்டன், மான்டிசெல்லோ, அர்பானா, கிழக்கெல்லையில் டான்வில், பாரிஸ், அங்கிருந்து தென்மேற்காகத் திரும்பி ஷெல்பிவில், சல்லிவன், டெக்கேட்டர், டெய்லர்வில் வழியாக மீண்டும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வர வேண்டும். மொத்தம் 400 மைலுக்கும் மேற்பட்ட பயணம் அது. முடிய 10 வாரங்களுக்கும் மேலாகும்.

பாலம் இல்லாத ஓடைகளும், மழைக்குப் பின் சக்கரத்தை விழுங்கும் கரிசல் சேறும் அந்நாளைய பயணக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. 1848இல் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் இச்சுற்றின் நீதிபதியாக இருந்த டேவிட் டேவிஸ், விடுதிகளின் அழுக்கையும் உணவையும் பற்றி மனைவிக்கு எழுதிய கடிதங்களில் சலித்துக்கொண்டிருக்கிறார். பெருத்த உடம்புக்காரரான அவருக்குத் தனிக் கட்டில் கிடைத்துவிடும்; வழக்கறிஞர்கள் ஒரே படுக்கையில் இருவராகவும் ஒரே அறையில் பலராகவும் படுத்துறங்கினர். பெரும்பாலான வழக்கறிஞர்கள் தம் ஊரை ஒட்டிய இரண்டு மூன்று கவுண்டிகளோடு நின்றுவிட, சுற்று முழுவதும் நீதிபதியோடு கூடவே சென்றவர்கள் மிகச் சிலர். லிங்கன் அவர்களுள் ஒருவர். டேவிஸ் வர இயலாத சில நாட்களில் அவருடைய இருக்கையில் அமர்ந்து வழக்குகளை நடத்தியவரும் லிங்கனே.

வேலை முறை இன்றைய வாசகருக்கு விந்தையாக இருக்கலாம். முகாம் தொடங்கும் நாளில் ஊருக்குள் வந்து இறங்கும் வழக்கறிஞரிடம், உள்ளூர் வழக்கறிஞர்கள் தம் கட்சிக்காரர்களை அழைத்து வருவார்கள். சற்று நேரம் பேசி, மனுவையோ பதிலுரையையோ கையால் எழுதி, அன்றோ மறுநாளோ ஜூரியின் முன் நிற்க வேண்டியதுதான். வாய்தா வாங்கினால் அடுத்த முகாம் ஆறு மாதம் கழித்து. புரோநோட்டுக் கடன், நிலத் தகராறு, அவதூறு, கால்நடை விற்பனையில் ஏமாற்று என்று பெரும்பாலும் சிறு வழக்குகள். கட்டணமும் பல நேரங்களில் சில டாலர்களே. லிங்கனும் அவருடைய கூட்டாளிகளும் கையாண்டவையாக இன்று ஆவணப்படுத்தப்பட்டுள்ள வழக்குகள் 5,000க்கும் அதிகம். அவற்றில் மிகப் பெரிய பங்கு கடன் வசூல் சார்ந்தது என்பதைப் பலகைகளைப் பார்த்து எவரும் ஊகிக்க முடியாது.

இந்தச் சுற்று நினைவுகூரப்படுவதற்குக் காரணம் கடன் வழக்குகள் அல்ல என்பதும் உண்மைதான். டேவிஸ், புளூமிங்டனைச் சேர்ந்த லியோனார்ட் ஸ்வெட், டான்விலில் லிங்கனின் உள்ளூர்க் கூட்டாளியாக இருந்த வார்ட் ஹில் லேமன் ஆகியோர் விடுதி அறைகளிலும் குதிரைவண்டிகளிலும் பழகிப் பிணைந்தவர்கள். 1860 மே மாதம் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டில் லிங்கனுக்குக் குடியரசுத் தலைவர் வேட்பாளர் நியமனத்தைப் பெற்றுத் தந்த குழுவின் முதுகெலும்பு அவர்களே. பின்னர் 1862இல் லிங்கன் டேவிஸை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். தேர்தல் வரலாற்றை எழுதுவோர் மாநாட்டு அரங்கிலிருந்து தொடங்குவது வழக்கம். அந்தக் கூட்டணி சேற்றுப் பாதையில் உருவானது என்பதை நினைவூட்டும் அளவில், பாதையைக் குறித்தவர்களின் முடிவு சரியானதே.

ஒரே பாதை என்று ஒன்று இருந்ததா

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எட்டாவது சுற்று ஒரு நிலையான வட்டம் அல்ல. சட்டமன்றம் மக்கள்தொகைக்கேற்ப அதன் எல்லைகளை மீண்டும் மீண்டும் திருத்தியது. 1840களின் நடுவில் 14 கவுண்டிகளாக விரிந்த சுற்று, 1853இல் 8 ஆகவும் 1857இல் 5 ஆகவும் சுருங்கியது. கடைசித் திருத்தத்தில் லிங்கனின் சொந்தக் கவுண்டியான சங்கமனே சுற்றிலிருந்து விலகிவிட்டது. அதாவது அதன்பின் அவர் எட்டாவது சுற்றுக்குப் போனதெல்லாம் வெளியூர் வழக்கறிஞராகத்தான். வெவ்வேறு காலங்களில் சுற்றில் இருந்த கவுண்டிகளையெல்லாம் சேர்த்தால் எண்ணிக்கை 17 ஆகிறது. ஆனால் அந்த 17-உம் ஒரே பருவத்தில் ஒரே பயணத்தில் இடம்பெற்றதே இல்லை.

லிங்கனின் பயணமும் சீரானதல்ல. 1847 டிசம்பர் முதல் 1849 மார்ச் வரை அவர் காங்கிரஸ் உறுப்பினர். திரும்பி வந்த பிறகு, 1849 முதல் 1854 வரை முன்னெப்போதையும்விட ஊக்கமாக வழக்கறிஞர் தொழில் செய்ததாக அவரே பின்னாளில் ஒரு தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதினார். சுற்றுப்பயணம் உச்சத்தில் இருந்த காலம் அது. 1850களின் நடுவிலோ ரயில்பாதைகள் வந்துவிட்டன. இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே அர்பானா ஊருக்குள் நுழையாமல் ஏறத்தாழ இரண்டு மைல் மேற்கே தண்டவாளம் போட, அந்த நிலையத்தைச் சுற்றி எழுந்த ஊர்தான் இன்றைய ஷாம்பேன். குதிரையில் கிடந்து அல்லாடிய அதே வழக்கறிஞர், சுற்றின் பிற்பகுதியில் பல இடங்களுக்கு ரயிலேறிப் போனார். நின்றுபோன குதிரைப்பாதைக்குத்தான் கல் கிடைத்தது. அவர் ஏறியிறங்கிய ரயில் வழியை இத்திட்டம் கணக்கில் கொள்ளவில்லை. குதிரை மீதமர்ந்த லிங்கன் ரயில் பெட்டியில் அமர்ந்த லிங்கனைவிடக் கவர்ச்சியானவர் என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் தெரியவில்லை.

கற்கள் நடப்பட்ட சூழல்

1850இல் பதினைந்து வயதில் லிங்கனை நேரில் பார்த்த ஒருவர் உயிரோடிருந்தால் 1920இல் அவருக்கு வயது 85. கண்ட சாட்சிகள் கண்ணெதிரே மறைந்துகொண்டிருந்த அந்தத் தலைமுறை மாற்றமே இத்திட்டத்தின் அவசரத்துக்குக் காரணம் எனலாம். நீதிமன்றக் கோப்புகள் லிங்கன் எந்த நாளில் எந்த ஊரில் இருந்தார் என்பதைச் சொல்லும். எந்த வழியாக வந்தார் என்பதைச் சொல்லா. இடைப்பட்ட பாதைக்கு உள்ளூர் முதியோரின் நினைவையும் பழைய சாலைப் பதிவுகளையும்தான் நம்ப வேண்டியிருந்தது.

இதே வேளையில் சாலைகளே உருமாறிக்கொண்டிருந்தன. அமெரிக்க மேற்குப் பகுதியின் நிலம் 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மைல் சதுரங்களாக அளந்து பிரிக்கப்பட்டது. வேலியும் உழவும் பரவப் பரவ, புல்வெளியைக் குறுக்காக வெட்டிச் சென்ற பழைய தடங்கள் மறைந்து, சாலைகள் சதுரங்களின் விளிம்போடு நேர்கோடாயின. 1918இல் இல்லினாய் வாக்காளர்கள் தார், கான்கிரீட் சாலைகளுக்காக 6 கோடி டாலர் கடன்பத்திர வெளியீட்டுக்கு ஒப்புதல் அளித்தனர். எல்லைக்கற்கள் நடப்பட்டது இந்தச் சாலை வேலைகளின் காலத்தில்தான். கல்லைப் படிக்கப்போகிறவர் காரில் வருபவர். ஆகவே கார் போகும் சாலையில்தான் அதை வைத்தாக வேண்டும். பிறகு சாலைகள் அகலப்படுத்தப்பட்டபோதும் திசை மாற்றப்பட்டபோதும் சில கற்கள் நகர்த்தி நடப்பட்டன.

எனவே ஒரு குறிப்பிட்ட எல்லைக்கல்லின் அடியில் நின்று, இதே மண்ணில் லிங்கனின் குதிரை கால் வைத்தது என்று எவரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கல் அப்படியொரு சத்தியத்தைச் செய்யவும் இல்லை. இந்தக் கவுண்டியிலிருந்து அந்தக் கவுண்டிக்கு இந்தப் பக்கமாகத்தான் போக வேண்டியிருந்தது என்பதே அதன் கூற்று. அதை வரைபடமும் நீதிமன்ற நாட்குறிப்பும் தாங்குகின்றன.

லோகன் கவுண்டி: தலைநகரே இடம்பெயர்ந்தால்

தலைநகரப் பலகையின் நிலை இதைவிடச் சங்கடமானது என்பதற்கு லோகன் கவுண்டியைப் போல் எடுத்துக்காட்டு வேறில்லை. லிங்கன் சுற்றில் வந்த காலத்தில் அந்தக் கவுண்டிக்கு அடுத்தடுத்து மூன்று தலைநகரங்கள் இருந்தன.

முதலாவது போஸ்ட்வில். அங்கே 1840இல் எழுந்த மரக் கட்டடத்தில்தான் நீதிமன்றம் கூடியது. தலைநகரம் கைமாறிய பின் வேறு பயன்பாடுகளுக்குப் போன அக்கட்டடத்தை, கார் தயாரிப்பாளர் ஹென்றி ஃபோர்டு 1929இல் விலைக்கு வாங்கி, பிரித்தெடுத்து, மிச்சிகன் மாநிலத்தின் டியர்போர்னில் தாம் அமைத்த கிரீன்ஃபீல்டு வில்லேஜ் அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுவினார். அசல் அங்கே இருக்க, பழைய இடத்தில் 1953இல் கட்டப்பட்ட நகல் நிற்கிறது. கட்டடத்தின் உண்மையான மரப்பலகைகள் வேறு மாநிலத்தில். உண்மையான நிலம் இங்கே. எது நினைவுச் சின்னம் என்று கேட்டால் இரண்டு ஊர்களுக்கும் சொல்லிக்கொள்ள ஏதோ இருக்கிறது.

இரண்டாவது மவுண்ட் புலாஸ்கி. 1848 முதல் 1855 வரை அங்கே தலைநகரம். ஊரின் நடுச் சதுக்கத்தில் செங்கல்லால் எழுப்பப்பட்ட இரண்டு மாடி நீதிமன்றம், பிற்காலத்தில் பள்ளிக்கூடமாகவும் தபால் நிலையமாகவும் இருந்து தப்பிப் பிழைத்து, இன்று மாநில அரசின் வரலாற்றுத் தலமாக உள்ளது. எட்டாவது சுற்றின் நீதிமன்றக் கட்டடங்களுள் எழுந்த இடத்திலேயே எஞ்சியிருப்பவை இதுவும் உட்ஃபோர்டு கவுண்டியின் மெட்டமோராவும் ஆகிய இரண்டு மட்டுமே. மெட்டமோராவும் இன்று தலைநகரம் அல்ல. அந்தத் தகுதி யூரேகாவுக்குப் போய்விட்டது. கட்டடங்கள் பிழைத்ததற்கே அதுதான் காரணம். தலைநகரமாகத் தொடர்ந்த ஊர்கள் வளர்ந்து, பழைய நீதிமன்றத்தை இடித்துப் பெரிதாகக் கட்டின. தலைநகரத்தை இழந்த ஊர்களில் இடித்துக் கட்டப் பணமும் இல்லை, தேவையும் இல்லை.

மூன்றாவது, 1853இல் ரயில் பாதையை ஒட்டி உருவான லிங்கன் நகரம். நிறுவனர்களுக்குச் சட்டப் பத்திரங்கள் எழுதிக் கொடுத்தவர் என்ற முறையில், குடியரசுத் தலைவராவதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே அவர் பெயரை ஊருக்கு வைத்தார்கள். அன்று அவர் தர்பூசணிச் சாற்றை ஊற்றிப் பெயர் சூட்டியதாக ஊரார் சொல்வர். அங்கே எழுந்த முதல் நீதிமன்றம் 1857இல் தீக்கிரையாயிற்று. இப்போதுள்ள குவிமாடக் கட்டடம் 1905ஆம் ஆண்டுக்குரியது. பழைய போஸ்ட்வில் இந்நகருக்குள்ளேயே அடங்கிவிட்டது.

இன்றைய தலைநகரின் நீதிமன்ற வளாகத்தில் நின்று லிங்கன் இங்கே வாதாடினார் என்று நினைக்கும் பயணி, அவர் பார்த்தேயிராத கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிறார். தலைநகரப் பலகையின் பலவீனம் இது: இடத்தைத் துல்லியமாகச் சொல்வது போன்ற தோற்றத்தை அது தருகிறது. எல்லைக்கல்லைப் பார்ப்பவருக்கு அந்த மயக்கம் வர வழியில்லை. சுற்றிலும் வயல், பார்க்க எதுவும் இல்லை, அடுத்த கல்லை நோக்கிப் போவதைத் தவிர வேறு வேலை இல்லை.

கதைகள் கல்லில் ஏறும்போது

பலகைகளின் வறட்சியான நடைக்கு ஒரு நன்மை உண்டு என்பது, பின்னாளில் வைக்கப்பட்ட சிலைகளைப் பார்த்தால் விளங்கும். டெய்லர்வில் நீதிமன்ற வளாகத்தில் லிங்கன் சிலையோடு ஒரு பன்றியும் இருக்கிறது. நீதிமன்றத்தின் தரைக்கு அடியில் ஒதுங்கிய பன்றிகளின் கூச்சலில் வாதம் காதில் விழாமற்போகவே, அவற்றை அடக்க உத்தரவிடும்படி லிங்கன் நீதிபதியிடம் வேடிக்கையாகக் கேட்டார் என்பது அவ்வூர்க் கதை.

மெட்டமோராவில் மெலிசா கோயிங்ஸ் கதை சொல்லப்படுகிறது. கணவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட எழுபது வயது மூதாட்டி அவர். 1857 அக்டோபரில் லிங்கனோடு கலந்து பேசிய பின் நீதிமன்றத்திலிருந்து காணாமற்போனார். நல்ல குடிதண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அவர் கேட்டதாகவும், டென்னசியில் கிடைக்கும் என்று தாம் சொன்னதாகவும் லிங்கன் பதிலளித்தார் என்பர். மூதாட்டி காணாமற்போனது ஆவணத்தில் உள்ளது. தண்ணீர் உரையாடல் பின்னர் சொல்லப்பட்ட நினைவில் உள்ளது. எல்லாரையும் எப்போதும் ஏமாற்ற முடியாது என்ற புகழ்பெற்ற வாசகத்தை 1858இல் லிங்கன் தம்மூரில் சொன்னதாகக் கிளின்டன் உரிமை கொண்டாடுகிறது. அக்காலத்திய அச்சுச் சான்று எதுவும் அதற்கு இல்லை. இம்மூன்றையும் எடை போட்டால் இவ்வழியே சென்றார் என்று மட்டும் சொல்லி நின்றுவிட்ட 1920களின் மகளிர் அமைப்பு கட்டுப்பாடு உள்ளது என்றே சொல்ல வேண்டும்.

அர்பானாவில் லோரடோ டாஃப்ட் வடித்து 1927இல் நிறுவப்பட்ட சிலை வேறு வகை. தாடியும் உயர்ந்த தொப்பியும் இல்லாத இளம் வழக்கறிஞரை அது காட்டுகிறது. கதை எதையும் ஏற்றாமலே தொழிலைக் காட்ட முடியும் என்பதற்கு அது போதும்.

பின்வந்த அடுக்குகள்

1963இல் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனங்களின் கூட்டமைப்பு, கென்டக்கி, இந்தியானா, இல்லினாய் மாநிலங்களை இணைத்து லிங்கன் பாரம்பரியத் தடம் ஒன்றை வகுத்தது. மக்கள் அதிகமாகக் காரில் சுற்றினால் பெட்ரோல் விற்கும் என்பதே அதன் நோக்கம். வரலாற்றுத் துல்லியம் இரண்டாம்பட்சம். 2008இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஆபிரகாம் லிங்கன் தேசியப் பாரம்பரியப் பகுதியை அறிவித்தது. அதன்கீழ் நடு இல்லினாயின் ஊர்களில் படமும் விளக்கமும் கொண்ட தெருவோரப் பலகைகள் உள்ளன. வழக்கு, விடுதி, நண்பர் வீடு என்று விவரம் தருவதில் அவை பழைய வெண்கலத்தைவிடப் பல மடங்கு மேல். ஆனால் அவை ஊர்களில் குவிகின்றன. ஊருக்கும் ஊருக்கும் இடைப்பட்ட முப்பது மைல், அதாவது ஒரு நாள் முழுவதும் சேணத்தின் மேல் கழிந்த நேரம், அவற்றில் இல்லை. சுற்று என்ற அமைப்பின் சாரமே அந்த இடைவெளி என்பதால், அதைத் தாங்கும் ஒரே குறி இன்றும் எல்லைக்கல்தான்.

பெயர் பெறாத கட்சிக்காரர்கள்

பழைய திட்டத்தின் பெருங்குறை வேறிடத்தில் இருக்கிறது. பாதை முழுவதும் ஒரே ஒரு பெயரைத்தான் அது சொல்கிறது. வழக்கறிஞர் ஊர் ஊராகச் சென்றது கட்சிக்காரர்களுக்காக. அவர்களில் ஒருவரையும் வெண்கலம் அறியவில்லை.

டேஸ்வெல் கவுண்டியின் நான்ஸ் லெகின்ஸ்-காஸ்ட்லி என்ற கறுப்பினப் பெண்ணின் வழக்கு இதற்குப் பொருத்தமானது. அடிமை முறை தடைசெய்யப்பட்ட இல்லினாயில், கொத்தடிமை ஒப்பந்தம் என்ற பெயரில் அவர் விற்கப்பட்டார். வாங்கிய டேவிட் பெய்லி கொடுத்த புரோநோட்டின் பேரில் விற்றவரின் வாரிசுத் தரப்பு கவுண்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றது. பெய்லிக்காக மாநில உச்ச நீதிமன்றத்தில் லிங்கன் வாதாடினார். 1841இல் தீர்ப்பு மாறியது. இல்லினாயில் நிறம் எதுவாயினும் ஒருவர் சுதந்திரமானவர் என்பதே சட்டத்தின் ஊகம், சுதந்திரமான மனிதரை விற்பது செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. வடிவத்தில் அது இன்னொரு கடன்பத்திர வழக்கு மட்டுமே. கடன் வழக்குகளைச் சில்லறை என்று ஒதுக்குவோர் இதை எங்கே வைப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆறாண்டு கழித்து, 1847இல், அன்று இச்சுற்றுக்கு வெளியே இருந்த கோல்ஸ் கவுண்டியில், கென்டக்கியைச் சேர்ந்த அடிமை உரிமையாளர் ராபர்ட் மேட்சனுக்காக இதே வழக்கறிஞர் நின்றார். தப்பிக்க முயன்ற ஜேன் பிரையன்ட்டையும் அவர் பிள்ளைகளையும் மீட்டுக்கொள்ள மேட்சன் கேட்ட உரிமையை நீதிமன்றம் மறுத்தது. குடும்பம் விடுதலை பெற்றது, லிங்கன் தோற்றார். கூப்பிட்டவருக்காக வாதாடும் தொழிலின் முழு உருவம் இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். 1920களின் பலகைகளில் இரண்டுக்கும் இடம் இல்லை.

நான்ஸின் பெயர் இப்போது பொதுவெளிக்கு வந்திருக்கிறது. அவர் அடக்கம் செய்யப்பட்ட பழைய இடுகாடு இருந்த பியோரியா நகரில் அண்மையில் நினைவிடம் அமைத்து, அவரை அங்கே குறித்திருக்கிறார்கள். 1865 ஜூனில் டெக்சஸின் கால்வெஸ்டனில் விடுதலை ஆணை அறிவிக்கப்பட்டபோது அங்கே நிறுத்தப்பட்டிருந்த படைப்பிரிவில் அவருடைய மகன் வில்லியம் காஸ்ட்லியும் ஒரு வீரர். பியோரியா எட்டாவது சுற்றில் சேர்ந்த ஊர் அல்ல. ஆனால் வழக்கு தொடங்கிய டேஸ்வெல் கவுண்டி ஆற்றுக்கு அக்கரையிலேயே இருக்கிறது.